தூண்டில்காரர் ஏறும் படகு: தடையா, உரிமமா, ஊர்க் கட்டுப்பாடா?

சென்னையைச் சுற்றியுள்ள கரைகளில் அண்மை ஆண்டுகளில் ஒரு புதுப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. வார இறுதி நாட்களில், விடிவதற்கு முன்பே, நகரத்துக் கார்கள் குப்பத்து மணலில் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் கையில் ராடு பை, ரீல், லூர் பெட்டி, ஐஸ் பெட்டி. முன்கூட்டியே பேசி வைத்த மீனவரின் ஃபைபர் படகில் ஏறிக் கடலுக்குப் போகிறார்கள். வஞ்சிரம், சீலா, பாறை தேடி வெளிக்கடலில் ட்ரோலிங்கும் ஜிக்கிங்கும். கொடுவாவுக்கும் காலாவுக்கும் முகத்துவாரத்தை ஒட்டிக் காத்திருப்பு. கோவளம், மாமல்லபுரம், காசிமேடு, வடக்கே பழவேற்காடு என்று இந்தப் பழக்கம் பரவியிருக்கிறது.

இவர்கள் விற்பதற்காகப் பிடிப்பதில்லை. பலர் மீனைப் படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே திரும்ப விடுகிறார்கள். மீனவருக்கோ, வலையில் என்ன படும் என்று தெரியாத ஒரு நாளுக்குப் பதிலாகக் கையில் உறுதியான கூலி. இரு தரப்புக்கும் ஆதாயமான ஏற்பாடுதான். இதன் ஓட்டை படகு கவிழும் நாளில்தான் வெளியே தெரியும். அந்தப் படகில் இருந்தவர் பயணியா, விருந்தாளியா, வேலையாளா? படகு மீன்பிடிப் படகு என்று பதிவானது. மீனவருக்கான குழு விபத்துக் காப்பீடு மீனவரைத்தான் காக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணக் கணக்கில் ‘படகு கவிழ்தல்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. இறந்தவர் தொழிலுக்குப் போனவரா தூண்டில் போடப் போனவரா என்று அது பிரித்துக் காட்டுவதில்லை.

இதற்கு மூன்று பதில்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, தடை செய்துவிடலாம். இரண்டு, கடல் தெரிந்த மீனவர் கையில் விட்டுவிடலாம். மூன்று, லைஃப் ஜாக்கெட்டையும் உரிமத்தையும் கட்டாயமாக்கினால் போதும். மூன்றையும் ஒரே அளவுகோலால் எடைபோட வேண்டும். அந்த வழி உயிரைக் காக்குமா, நடைமுறையில் நிற்குமா, மீனவர் பிழைப்பைப் பறிக்காமல் இருக்குமா என்பதே அந்த அளவுகோல்.

படகு எதற்காகக் கட்டப்பட்டது

முதலில் படகைப் பார்க்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் இந்தக் கரையின் முகத்தையே மாற்றின. அதற்கு முன் கோலோச்சிய கட்டுமரம் அடிப்படையில் வேறு பொருள். சேர்த்துக் கட்டிய மரங்களின் மேல் தண்ணீர் ஏறும், இடுக்கு வழியே இறங்கிவிடும். நிரம்புவதற்கு அதில் குழிவு இல்லை. புரண்டால் திருப்பிப் போட்டு மறுபடி ஏறலாம். ஃபைபர் படகு வேகம் தருகிறது, அதிக வலை ஏற்றுகிறது, ஆட்களை நனையாமல் வைக்கிறது. அதற்கு விலையாக, நிரம்பக்கூடிய ஒரு குழிவையும் கொண்டு வந்துவிட்டது.

அந்தக் குழிவுக்குள் எது ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொழிலுக்குப் போகும்போது வலை, ஐஸ், பிடித்த மீன் எல்லாம் படகின் அடியில் கிடக்கின்றன. எடை கீழே இருக்க, படகு நிதானமாக நிற்கிறது. ஆட்கள் மூன்று நான்கு பேர். எந்த அலைக்கு எந்தப் பக்கம் உடம்பைச் சாய்ப்பது என்று சொல்லாமலே தெரிந்தவர்கள். தூண்டில்காரர்கள் ஏறும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. லூர் வீச நிற்க வேண்டும். நிற்கும் ஆள் படகின் எடை மையத்தை மேலே தூக்குகிறார். ஒருவர் தூண்டிலில் பெரிய மீன் மாட்டி ரீல் அலறியதும், மற்ற ஐந்து பேரும் கைப்பேசியோடு அதே பக்கம் சாய்கிறார்கள். மீனைத் தூக்க ஒருவர் விளிம்புக்கு வெளியே குனிகிறார். வலை இழுக்க வசதியாகத் தாழ்வாக வைத்த விளிம்பு அது. பக்கவாட்டில் ஓர் அலை வருவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்தது காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அது அலையற்ற ஏரி. அதே சாய்வைக் கடலில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது அலை உடைப்பைத் தாண்டும் நேரம். துறைமுகம் இல்லாத கரையில் படகு உடைப்பின் உள்பக்கம் நின்று, பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும்வரை பொறுத்து, இடைவெளி கிடைத்ததும் முழு வேகத்தில் பாய வேண்டும். நடுவில் இன்ஜின் அணைந்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதை நிரப்பும், அதற்கடுத்தது புரட்டும். திரும்பி வருவது இன்னும் ஆபத்து. பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்பகுதியைத் தூக்கினால் விசிறி தண்ணீரைப் பிடிக்காது, முனை கீழே குத்தும், படகு சட்டென்று பக்கம் திரும்பும். தேர்ந்தவர் ஓர் அலையின் முதுகிலேயே ஏறி, அதை முந்தாமல் பின்தங்காமல் கரை சேர்ப்பார்.

பழவேற்காடு போன்ற ஏரி முகத்துவாரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வற்றம் நேரத்தில் ஏரித் தண்ணீர் வெளியே பாயும். எதிரே கடல் அலை உள்ளே வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் ஆழமாக இருந்த வழியில் இந்த மாதம் தரை தட்டும். விடியற்காலை ஏற்றத்தில் அமைதியாகத் தாண்டிப் போன அதே வாய், கடற்காற்று எழும்பிய பிறகு, வற்றத்தில், வேறு முகம் காட்டும். தூண்டில்காரர்கள் களைத்துத் திரும்பும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

தடை: பழவேற்காட்டின் சாட்சி

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காட்டுக்கு வந்த உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் ஏறிச் சுற்றிப் பார்க்கப் போனது. படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் அடக்கம். ஏற்றியது அளவுக்கு மீறிய கூட்டம். லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன்பின் அங்கே படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

தடைக்கு ஆதரவான வாதம் எளிதானது. ஏறாதவர் மூழ்குவதில்லை. பெரிய விபத்துக்குப் பிறகு நிர்வாகம் உடனே செய்யக்கூடியதும் அதுதான். ஆனால் தடை இருக்கும்போதே சவாரி நடப்பதாகச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. ஏறத்தாழ 1,076 கிலோமீட்டர் நீளமுள்ள தமிழகக் கரையில், ஒவ்வொரு குப்பத்திலும் படகு இருக்கும்போது, ஒரு வாயில் போட்ட பூட்டு அடுத்த வாய்க்குச் செல்லுபடியாகாது. 2017 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் உல்லாசமாகப் போனவர்களோடு மீன்பிடிப் படகு கவிழ்ந்து உயிர்கள் போனபோது, பழவேற்காட்டுத் தடையால் அங்கே எந்தப் பயனும் இருக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தடை வந்ததும் தொழில் மறைவுக்குப் போகிறது. மறைவில் நடக்கும் சவாரிக்குப் பெயர்ப் பட்டியல் இருக்காது. இத்தனை பேர் போனார்கள், இந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கரையில் யாரிடமும் சொல்லிவிட்டுப் போக முடியாது. படகு தாமதித்தால், உதவி கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று கரையில் இருப்பவர் தயங்குவார். கடலில் விழுந்தவருக்கு அந்தத் தயக்கமே எமன். ஆகவே தடை விபத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நடக்கும் விபத்தின் கொடுமையைக் கூட்டும். புயல் எச்சரிக்கை நாளிலும், முகத்துவாரம் தூர்ந்து கிடக்கும் பருவத்திலும் தடை சரியான கருவி. ஆண்டு முழுவதற்குமான கொள்கையாக அது தோற்ற கருவி.

‘கடல் தெரிந்தவன் கூட்டிப் போகிறான்’

இரண்டாவது வாதம் மரியாதைக்குரியது. கச்சானா வாடையா, கொண்டலா என்று முகத்தில் படும் காற்றை வைத்தே சொல்லி, நீரோட்டம் தெண்டியா வன்னியா என்று பார்த்து, தண்ணீரின் நிறத்திலிருந்து அடித்தரையைப் படிப்பவர்களின் அறிவுக்கு முன்னால் நகரத்துத் தூண்டில்காரரின் கைப்பேசிச் செயலி சிறு பிள்ளைதான். அவர்களிடம் விட்டுவிடுவதில் என்ன தவறு?

மூன்று தவறுகள். முதலாவது, கடலறிவு இருப்பது வேறு, கடலில் சாகாமல் இருப்பது வேறு. உலகின் மிக ஆபத்தான தொழில்களில் ஒன்றாக மீன்பிடிப்பை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. ஆண்டுக்கு 24,000 மரணங்கள் என்பதே பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்ட மதிப்பீடு, பின்னாளில் வந்த மதிப்பீடுகள் அதைவிடக் கூடுதல். இறந்தவர்கள் கடல் தெரியாதவர்கள் இல்லை. தொழிலுக்காக ஏற்றுக்கொள்ளும் ஆபத்தின் அளவே பெரிது. தன் பிழைப்புக்காக ஒருவர் எடுக்கும் துணிவை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வந்தவர் மேல் ஏற்ற முடியாது.

இரண்டாவது, அந்த அறிவு உடம்பில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடனாகக் கொடுக்க முடியாது. படகு புரண்டால் மீனவர் நீந்துவார், கவிழ்ந்த படகின் மேல் ஏறுவார், அலைக்கு மூச்சடக்குவார். நீச்சல் தெரியாத ஐந்து பேர் ஒரே நேரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டால் அவராலும் தப்ப முடியாது. மேலும், உள்ளூர்க் காற்றையும் வானத்தையும் படிக்கும் கண்ணுக்கும் எட்டாத ஆபத்து உண்டு. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. தொலைதூரத் தென் இந்தியப் பெருங்கடலில் பிறந்து, உள்ளூர்க் காற்றின் துணையில்லாமலே வந்து சேரும் கள்ளக்கடல் அலைக்கு அப்போது எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிட்ட அந்த எச்சரிக்கையாலும் அவர்களைக் காக்க முடியவில்லை.

மூன்றாவது தவறுதான் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதது. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுவே. சொந்தத் தொழிலுக்குப் போகும் நாளில் ‘இன்று வேண்டாம்’ என்று மீனவர் முடிவெடுத்தால், இழப்பு அவருடைய ஒரு நாள் வருமானம். அந்த முடிவுக்கு அவரே முதலாளி. முன்பணம் வாங்கிய சவாரியில் நிலைமை வேறு. ஆறு பேர் மாதக்கணக்கில் திட்டமிட்டு, பெட்ரோல் போட்டு, இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்து நிற்கிறார்கள். ‘அண்ணே, பார்த்துப் போயிடலாம்ல?’ என்கிறார் ஒருவர். முன்பணம் ஏற்கெனவே டீசலுக்குப் போய்விட்டது. இன்று திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் பக்கத்துப் படகுக்குப் போய்விடுவார்கள். இந்த இடத்தில் கடலறிவு வாயைத் திறப்பதில்லை. முடிவெடுக்கும் இரண்டு பேரும், போவதில் ஆதாயம் உள்ளவர்கள். கடலுக்காகப் பேச அங்கே மூன்றாமவர் இல்லை.

லைஃப் ஜாக்கெட்: எண்ணைச் சற்று உரசிப் பார்ப்போம்

மூன்றாவது பதிலின் முதல் பாதி லைஃப் ஜாக்கெட். இதற்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படுவது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கு. 2023-இல் அந்நாட்டில் உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் முக்கால் பங்கு நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

இந்த 87-ஐ மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது தவறு. படகில் போகிறவர்களில் மொத்தம் எத்தனை பேர் அதை அணிகிறார்கள் என்பது தெரியாமல் அந்த எண் எதையும் நிரூபிக்காது. நூற்றில் தொண்ணூறு பேர் அணியாத கூட்டத்தில், இறந்தவர்களில் தொண்ணூறு பேர் அணியாதவர்களாக இருப்பது இயல்பே. லைஃப் ஜாக்கெட்டின் வலுவான சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. அது மனித உடம்பிலும் தண்ணீரின் வெப்பத்திலும் இருக்கிறது. தலையை நீருக்கு மேல் வைத்திருக்க, பெரியவர் ஒருவருக்குச் சில கிலோ மிதப்பு கூடுதலாக இருந்தால் போதும். மயங்கியவருக்கு அந்த மிதப்பைத் தர ஜாக்கெட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. அயர்லாந்துக் கடலில் விழுந்தவரைக் குளிர் விரைவிலேயே செயலிழக்கச் செய்யும். ஜாக்கெட் இருந்தாலும் நேரம் குறைவு. வங்கக் கடலின் நீர் ஆண்டின் பெரும்பகுதி 26 முதல் 30 டிகிரி. இங்கே குளிர் எதிரியில்லை, களைப்புதான் எதிரி. 2017-இல் ஒக்கி புயலில் படகுகளை இழந்த மீனவர்களில், மிதக்கக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் தாக்குப்பிடித்தவர்கள் உண்டு. ஆகவே, குளிர் நாடுகளில் ஜாக்கெட் வாங்கித் தரும் நேரத்தைவிட நம் கடலில் அது வாங்கித் தரும் நேரம் பல மடங்கு.

ஆனால் எந்த ஜாக்கெட், எங்கே இருக்கிறது என்பதும் கேள்வி. அனைத்துலகத் தரத்தில் 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் உள்ள இடத்துக்கு. 100 நியூட்டன் காற்றடங்கிய நீருக்கு. திறந்த கடலுக்கு 150. சுற்றுலா இடங்களில் மாட்டிவிடும் மலிவான ஆரஞ்சுச் சட்டைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொக்கி ஒன்று உடைந்திருக்கும், நுரைப்பஞ்சு அமுங்கி அட்டையாகியிருக்கும், தொடை இடுக்கு வழியாகப் போட வேண்டிய பட்டையே இருக்காது. அந்தப் பட்டை இல்லாவிட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே எழும்பி முகத்தை மறைக்கும். ஆள் அதிலிருந்து கீழே நழுவுவார். நல்ல ஜாக்கெட்டாக இருந்தாலும் பெரும்பாலும் உட்காரும் மெத்தையாகவே பயன்படுகிறது. வெயிலில் புழுங்குகிறது, ராடு வீச இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்கள். படகு புரண்ட பிறகு ஜாக்கெட்டைத் தேடி அணிந்துகொள்ள முடியாது.

இங்கே மற்ற நாடுகளின் சட்டம் ஒரு தெளிவைத் தருகிறது. அயர்லாந்து 2005-இல், 7 மீட்டருக்குக் குறைந்த உல்லாசப் படகுகளில் ஜாக்கெட்டை வைத்திருப்பதைத் தாண்டி அணிவதையே கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உல்லாசப் படகு கடலோர முகத்துவார மணல்மேட்டைத் தாண்டும்போது படகில் இருக்கும் அனைவரும் அணிந்தே ஆக வேண்டும். பழவேற்காட்டு வாயையும் கோவளத்து உடைப்பையும் பார்த்து எழுதியது போன்ற விதி அது. ஜாக்கெட் பற்றிய என் முடிவு இதுதான்: அது தேவை, முதல் தேவை, ஆனால் படகு கவிழ்ந்த பிறகு வேலை செய்யும் கருவி. கவிழாமல் தடுக்க அதற்கு வலிமையில்லை.

உரிமம்: காகிதம் எங்கே முடிகிறது

மூன்றாவது பதிலின் மறுபாதி உரிமம். 2002 ஜூலை 28 அன்று அயர்லாந்தின் ஃபெதர்ட் என்ற சிறு கடலோர ஊரில், பத்துப் பேரோடு தூண்டில் போடப் போன பைசிஸ் என்ற படகு மூழ்கி ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகளை ஏற்ற உரிமம் பெறாத படகு அது. உரிமச் சோதனை என்று ஒன்று நடந்திருந்தால் அந்தப் படகு கடலுக்கே போயிருக்காது. உரிமத்துக்கான நியாயம் இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது.

மறுபக்கமும் உண்டு. மேலே சொன்ன தேக்கடிப் படகு கேரள அரசின் சுற்றுலாக் கழகம் ஓட்டியது. கேரளத்தில் 2002-இல் குமரகத்திலும் 2009-இல் தேக்கடியிலும் நடந்த பெரும் விபத்துகளுக்குப் பிறகு விசாரணைகள் நடந்தன, பரிந்துரைகள் வந்தன. அதன் பிறகும் 2023 மே 7 அன்று தானூரில் மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு, இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆளேற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 22 பேர். ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தில் தரப்படும் காகிதத்தால், குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அலை உயரமாக இருக்கிறதா என்று பார்க்க முடியாது. எட்டாவது ஆள் ஏறுவதையும் அது தடுக்காது. படகின் தகுதிக்கு உரிமம் சான்று. அன்றன்றைய முடிவுக்கு அது சான்றாகாது. உயிர் போவது பெரும்பாலும் அன்றன்றைய முடிவில்தான்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். உரிம விதிகளைக் கனமாக எழுதினால், விலையுயர்ந்த படகும் அலுவலகமும் வழக்கறிஞரும் உள்ளவருக்கே உரிமம் கிடைக்கும். தலைமுறைகளாகக் கடலோடு வாழும் குப்பத்துக்காரர் வெளியே தள்ளப்பட்டு, ரிசார்ட் படகில் தினக்கூலிக்குச் சுக்கான் பிடிப்பார். கடலைத் தெரிந்தவரைக் கடலிலிருந்து விலக்கும் பாதுகாப்பு விதி, பாதுகாப்பையும் இழக்கும் நியாயத்தையும் இழக்கும்.

விடுபட்ட மூன்றாமவர்

ஆக, மூன்று பதில்களும் ஒரே இடத்தில் ஓட்டை விடுகின்றன. ‘இன்று போகலாமா?’ என்ற கேள்விக்கு, ஆதாயம் இல்லாத ஒருவர் பதில் சொல்லும் ஏற்பாடு எதிலும் இல்லை. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விதை இந்தக் கரையிலேயே இருக்கிறது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலை கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று விதி செய்து, மீறினால் அபராதமும் போட்டு வந்தவை. பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் பாடு முறை நெடுங்காலமாக முறைப்படுத்துகிறது. படகுச் சவாரியையும் இப்படி முறை வைத்து நடத்த இவர்களால் முடியும். முறை வந்துவிட்டால் ‘பக்கத்துப் படகுக்குப் போய்விடுவார்கள்’ என்ற பயமும் போய்விடும்; அந்தப் பயம்தானே கெட்ட நாளிலும் படகைக் கடலில் தள்ளுகிறது.

ஊர்ப் பஞ்சாயத்தைப் புனிதமாக்கவும் வேண்டாம். பாடு முறைக்குள் எல்லாச் சமூகத்தாருக்கும் இடமில்லை என்ற குறை பழையது, நியாயமானது. ஊர்த் தலைவரின் உறவினரே படகு வைத்திருந்தால் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல வாய் தயங்கும். அதனால் ஊர் முடிவெடுக்கட்டும், அந்த முடிவுக்கு ஒரு புறவரம்பை அரசு போடட்டும். இன்காய்ஸ் சிறு படகுகளுக்கென்றே அலையின் செங்குத்தையும் வேகமான மாற்றத்தையும் வைத்துப் பாதுகாப்பு முன்னறிவிப்பு தருகிறது. அது எச்சரிக்கும் நாளில், வானிலை மையம் கடலுக்குப் போகாதே என்னும் நாளில், ஊர் விரும்பினாலும் படகு இறங்கக் கூடாது. முன்னறிவிப்பு அனுமதிக்கும் நாளிலும் வாயின் நிலையைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் ஊருக்கு இருக்க வேண்டும். இரண்டில் எது மறுத்தாலும் அன்றைக்குப் பயணம் இல்லை.

தீர்ப்பு

பொழுதுபோக்குத் தூண்டில் பயணத்தை அனுமதிக்கலாம். மீனவர் கையிலேயே இருக்கட்டும். ஆனால் இப்போதுள்ள வாய்மொழி ஏற்பாட்டுக்கு என் வாக்கு இல்லை. குறைந்தது ஐந்து நிபந்தனைகள் வேண்டும். அவற்றில் ஒன்றுகூட பெரும் பணம் கேட்பதில்லை.

முன்பணம் படகுக்காரர் கையில் இருக்கக் கூடாது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்க வேண்டும். கடல் சரியில்லை என்று பயணம் நின்றால் பயணிக்கு முழுத் தொகை, வந்து காத்திருந்த படகுக்காரருக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு பங்கு. பணத்தின் அழுத்தத்தை முடிவிலிருந்து எடுப்பதற்கு இதைவிட நேரான வழியில்லை. ஐந்தில் ஒன்றை மட்டும்தான் நிறைவேற்ற முடியும் என்றால் நான் இதையே தேர்வேன்.

ஒவ்வொரு படகுக்கும் ஆள் எண்ணிக்கை, படகின் பக்கத்திலேயே பெயின்ட்டில் எழுதப்பட வேண்டும். கடற்காவலர் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தால் போதும். உடைப்பையும் வாயையும் தாண்டும்போது எல்லோரும், படகோட்டி உட்பட, ஜாக்கெட் அணிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் பயணம் முழுவதும் கழற்றக் கூடாது. அவுட்போர்டு இன்ஜின் என்றால் அதை அணைக்கும் சிவப்புச் சுருள் கயிறு ஓட்டுபவர் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் ஆளில்லாமல் சுற்றும் படகின் விசிறி, விழுந்தவர்களைத்தான் தேடி வரும். கடைசியாக, பெயர்ப் பட்டியலும் திரும்பும் நேரமும் கரையில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் அழைக்க வேண்டும்.

அரசு ஆணைக்குக் காத்திருக்காமல், இந்த வாரமே கடலுக்குப் போகவிருக்கும் தூண்டில்காரருக்கு ஒரு வார்த்தை. படகுக்காரரிடம் பேரம் பேசும்போதே, ‘கடல் சரியில்லைன்னா போக வேண்டாம், பணம் உங்களுக்குத்தான்’ என்று சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சுப் பேசாதீர்கள். உங்கள் அளவுக்குப் பொருந்தும் ஜாக்கெட்டை நீங்களே வாங்குங்கள். ரீலுக்குக் கொடுக்கும் விலையைவிட அது குறைவு. இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் உங்கள் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள், கரையில் இருக்கும் வீட்டாருக்கும் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.